காரியாலயங்களிற் குடிபுகும் குடும்பங்கள்

உயர்தர வகுப்பு மாணவர்க்குப் புவியியல் கற்பித்த ஒரு நாளில், நியூயோர்க் மாநகரின் நிலப் பயன்பாட்டைக் காட்டும் படமொன்றைச் சுவரில் மாட்டினேன். குடியிருப்பு நிலத்துக்கு மஞ்சள், வர்த்தக நிலத்துக்குச் சிவப்பு, கைத்தொழில் நிலத்துக்கு ஊதா என அப்படத்தில் நிறங்கள் வகுக்கப்பட்டிருந்தன. அந்நகரில் வீட்டுக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவுகிறதென்றும், 2020ஆம் ஆண்டிற் பரவிய கொவிட் நோயின் பின் அங்கே காரியாலயங்கள் பல வெறுமையாய்க் கிடந்தன என்றும் கூறினேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், ஆட்களுக்கு வீடில்லை; கட்டடங்களுக்கு ஆட்களில்லை. அப்படியானால் அந்த நிறத்தை மாற்றிவிட்டால் என்ன?” என்று கேட்டான்.

வகுப்புச் சிரித்தது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. அம்மாநகரத்து மேயர்களும் சட்ட வல்லுநரும் கட்டடக் கலைஞரும் பல்லாண்டுகளாக விடை தேடிவந்த வினா அதுவே. மணி அடித்துவிட்டமையால் அன்று அவனுக்குச் சொல்லாது விட்டதை, இன்று குடும்பத்தோடு இப்பக்கத்தைப் படிக்கும் அனைவர்க்குமாகச் சொல்ல முயல்கிறேன்.

நிழலிற் பிறந்த சட்டம்

ஒரு நிறத்தை மாற்றுவதற்கு முன், அந்நிறத்தை அங்கே தீட்டியவர் யார், எதற்காகத் தீட்டினர் என்பதை அறிதல் வேண்டும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயோர்க் நகரின் ஏழைத் தொழிலாளர், காற்றும் வெளிச்சமும் புகாத அடுக்கு வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். பல அறைகளுக்குச் சாளரமே கிடையாது. காசநோய் அவ்வீடுகளிற் குடிகொண்டிருந்தது. 1901ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வாடகைவீட்டுச் சட்டம், புதிதாகக் கட்டப்படும் வீடுகளின் அறைகள் வெளிக்காற்றை நோக்கிச் சாளரம் உடையனவாயிருத்தல் வேண்டுமென விதித்தது. வீடு என்பது கூரையும் சுவரும் மட்டுமன்று, ஒளியும் காற்றும் அதன் உறுப்புகளே என்பது அன்றே சட்டமாயிற்று. இதனை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்கு வேலையுண்டு.

1915ஆம் ஆண்டில் மன்ஹட்டன் தீவின் தென்பாகத்திலே, புறோட்வே வீதியில், எக்குவிற்றபிள் கட்டடம் என்னும் காரியாலய மாளிகை எழுந்தது. அது நின்ற காணி ஓர் ஏக்கருக்கும் சற்றுக் குறைந்தது. நமது கணக்கிற் பதினாறு பரப்புக்கும் உட்பட்டது. அச்சிறு காணியின் மேல், எங்கும் உள்வாங்காது செங்குத்தாக 500 அடிக்கு மேல் உயர்ந்து, ஏறக்குறைய 12 இலட்சம் சதுர அடித் தளப்பரப்பை அது கொண்டிருந்தது. அதன் நிழல் ஏழு ஏக்கர் நிலத்தை மூடியது என்பர். அயற் கட்டடங்களில் இருந்தோர் பகலிலும் விளக்கேற்ற வேண்டியவராயினர்.

அதே காலத்தில் ஐந்தாம் அவெனியூ வணிகர்க்கு வேறொரு கவலை இருந்தது. ஆடை தைக்கும் தொழிற்சாலைகள் அவர்களது கடைத்தெருவை நெருங்கி வந்தன. மதிய வேளையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வீதியிற் கூடுவதாற் செல்வ வாடிக்கையாளர் ஒதுங்கிவிடுவர் என அவ்வணிகர் அஞ்சினர். நிழலுக்கு அஞ்சியோரும் தொழிலாளருக்கு அஞ்சியோரும் ஒன்றுசேர்ந்ததன் விளைவே 1916ஆம் ஆண்டின் வலய விதி. ஐக்கிய அமெரிக்காவில் ஒரு நகரம் முழுவதற்குமாக வகுக்கப்பட்ட முதல் வலய விதி அது.

இச்சட்டம் பிறந்த வேளையிலேயே அதில் இரு குணங்கள் கலந்திருந்தன. ஒளியைக் காக்கவேண்டும் என்ற நல்லெண்ணம் ஒன்று. ஏழை நம் பக்கம் வராதிருக்கவேண்டும் என்ற தன்னலம் மற்றொன்று. எனினும் அவ்விதி ஒருவழித் தடையாகவே அமைந்தது. குடியிருப்பு வலயத்திற் கடையும் தொழிற்சாலையும் புகக்கூடாது. ஆனால் வர்த்தக வலயத்தில் ஒருவர் வீடு கட்ட விரும்பின் அதற்குத் தடையில்லை.

கதவு அடைக்கப்பட்ட ஆண்டு

நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின், 1961ஆம் ஆண்டில், பழைய விதியை நீக்கி நகரம் புதிய விதி வகுத்தது. இம்முறை தடை இருவழியாயிற்று. கைத்தொழில் வலயங்களிற் புதிய வீடுகள் கூடா என விலக்கப்பட்டது. தொழிற்சாலையின் புகையும் இரைச்சலும் குடும்பங்களைத் தாக்கக்கூடாது. குடியிருப்போரின் முறைப்பாடுகள் தொழிற்சாலைகளை ஓட்டிவிடவுங் கூடாது என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். அந்நாளில் அந்நகரம் பெருங் கைத்தொழில் நகரமாக இருந்தமையால், அந்நியாயம் பொருத்தமாகவே தோன்றியது.

வேறோர் எல்லையும் அவ்வாண்டிலேயே வந்தது. வீடுகளைக் கொண்ட கட்டடமொன்றின் தளப்பரப்பு, அது நிற்கும் காணியின் பரப்பைப் போல 12 மடங்குக்கு மேற்படலாகாது என மாநிலச் சட்டம் விதித்தது. 10,000 சதுர அடிக் காணியில் 1,20,000 சதுர அடிக்கு மேல் வீடுகள் அமைக்கமுடியாது. காரியாலயத்துக்கு இத்தடை இல்லை. ஆதலின் நகரின் நடுவே விண்ணைத் தொடும் மாளிகைகள் எழுந்தன. அவற்றில் மனிதர் வேலை செய்தனர், உறங்கவில்லை.

வியப்பு யாதெனின், அதே 1961இலேயே ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் எழுத்தாளர், அமெரிக்கப் பெருநகரங்களின் வாழ்வையும் சாவையும் பற்றிய தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். வோல் வீதிச் சுற்றுப்புறத்தை அவர் அதில் எடுத்துக்காட்டினார். பகலில் இலட்சக்கணக்கானோர் திரளும் அவ்விடம், மாலையில் வேலை முடிந்ததும் ஆளரவமற்றுப் போகிறது. மதிய உணவு வேளையில் மட்டுமே நிரம்பும் உணவுக்கடை எவ்வாறு நிலைக்கும்? வெவ்வேறு நோக்கங்களுக்காக வெவ்வேறு நேரங்களில் மக்கள் நடமாடும் தெருவே உயிருள்ள தெரு என்பது அவர் கண்ட உண்மை. அவரது சொல் சட்டமாவதற்குப் பல்லாண்டுகள் சென்றன.

சட்டத்தை மீறியோர் கற்பித்தது

சட்டம் செய்யத் தயங்கியதை வறுமை செய்துகாட்டியது. ஹியூஸ்டன் வீதிக்குத் தெற்கே வார்ப்பிரும்பு முகப்புடைய பழைய பண்டகசாலைகளும் தொழிற்கூடங்களும் நிறைந்த பகுதியொன்று இருந்தது. தீ விபத்துகள் மலிந்தமையால் ‘நரகத்தின் நூறு ஏக்கர்’ என அதற்குப் பட்டப்பெயர். தொழில்கள் ஒவ்வொன்றாக வெளியேற, உயர்ந்த கூரையும் அகன்ற சாளரங்களுமுடைய மாடிக் கூடங்கள் வெறுமையாயின. பெரிய ஓவியம் தீட்டவும் சிற்பம் செதுக்கவும் மலிவான இடம் தேடிய கலைஞர்கள் அங்கே சென்றனர். வேலை செய்யும் இடத்திலேயே அடுப்பை வைத்தனர், பாயை விரித்தனர். கைத்தொழில் வலயத்திற் குடியிருப்பது குற்றமாகையாற் பரிசோதகர் வரும்போது படுக்கையை மறைத்து வாழ்ந்தனர்.

நகரம் முதலிற் கண்டும் காணாததுபோல் இருந்தது. பின்னர் சிறிது இணங்கியது. கட்டடத்தின் வெளியே, இங்கே கலைஞர் வசிக்கிறார் என்பதை உணர்த்தும் சிறு பலகையை மாட்டவேண்டுமென 1960களில் ஓர் ஏற்பாடு வந்தது. அழகுக்காக அன்று, தீப்பற்றினால் உள்ளே உயிருண்டு என்பதைத் தீயணைப்புப் படையினர் அறிவதற்காக. சோஹோ என்று பெயர்பெற்ற அப்பகுதியில், 1971இற் சான்றிதழ் பெற்ற கலைஞர் சட்டப்படி குடியிருக்க அனுமதி கிடைத்தது. சட்டத்துக்குப் புறம்பாகக் கூடங்களில் வாழ்ந்த ஏனையோர்க்குப் பாதுகாப்பளிக்கும் மாநிலச் சட்டம் 1982இல் வந்தது. முடிவாக, 2021 டிசம்பரில் நகரசபை அவ்வட்டாரத்தைப் பொதுக் குடியிருப்புக்குத் திறந்துவிட்டது.

ஆனால் இக்கதைக்கு ஒரு கசப்பான பின்னுரையும் உண்டு. கலைஞர்கள் அழகுபடுத்திய சோஹோவிற் செல்வர்கள் குடிபுகுந்தனர், வாடகை வானளாவியது. பாயோடு வந்த ஏழைக் கலைஞர் இன்று அங்கே இடம் தேடினாற் கிடைத்தல் அரிது. நிலம் திறக்கப்பட்டால் மட்டும் போதாது, யாருக்காகத் திறக்கப்படுகிறது என்பதையும் கேட்கவேண்டும் என்று சோஹோ கற்பித்தது.

வரிச்சலுகையும் வாடகையும்

இரண்டாம் பாடம் வோல் வீதியில் நிகழ்ந்தது. 1990களின் முற்பகுதியில் அப்பகுதியின் பழைய காரியாலயங்கள் வாடகைக்கு ஆளின்றிக் கிடந்தன. நிறுவனங்கள் புதிய கட்டடங்களை நாடிச் சென்றுவிட்டன. 1995இல் நகரமும் மாநிலமும் ஒரு திட்டம் வகுத்தன. காரியாலயத்தை வீடாக மாற்றும் விதிகள் எளிதாக்கப்பட்டன. மாற்றும் உடைமையாளருக்குப் பல்லாண்டு வரிச்சலுகை வழங்கப்பட்டது. அத்திட்டத்தால் 12,000க்கு மேற்பட்ட தொடர்மாடி வீடுகள் தோன்றின. இரவில் இருண்டுகிடந்த தெருக்களிற் பலசரக்குக் கடைகள் திறக்கப்பட்டன. குழந்தை வண்டிகள் உருண்டன. குழந்தைகள் பெருகியபோது பாடசாலைகளில் இடநெருக்கடியும் உண்டாயிற்று. வீட்டைக் கணக்கிட்டோர் வகுப்பறையைக் கணக்கிட மறந்துவிட்டனர்.

குறைந்த வருமானமுடையோர்க்கென ஒரு பங்கு வீடுகளை ஒதுக்கவேண்டும் என்ற நிபந்தனையும் அச்சலுகையில் இருக்கவில்லை. வாடகை ஏற்றத்துக்கு வரம்பு உண்டு என விதி கூறியது. ஆயினும் வாடகை மிக உயர்ந்த வீடுகளுக்கு அவ்வரம்பு பொருந்தாதென உடைமையாளர் பலர் கொண்டனர். குடியிருந்தோர் வழக்காடினர். 2019இல் மாநிலத்தின் மேல்நீதிமன்றம், சலுகை நடைமுறையிலிருக்கும்வரை அவ்வீடுகளுக்கு வாடகை வரம்பும் உண்டு எனத் தீர்ப்பளித்தது. பொதுப் பணத்தைச் சலுகையாகப் பெற்றவர் பொதுமக்களுக்குச் செய்யவேண்டிய கடமையை உணர்த்த, இருபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

சாளரம் என்னும் சிக்கல்

இனி, மாணவன் நினைத்ததுபோல் வெறுங் காரியாலயத்திற் சுவரெழுப்பிக் குடும்பத்தை இருத்திவிட முடியுமா? அங்கேதான் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின் நினைவு குறுக்கே வருகிறது.

காரியாலயத்தில் நடுத்தளத்தில் இருப்பவர் மின்விளக்கின் கீழ் நாள் முழுவதும் வேலை செய்யலாம். படுக்கையறைக்கோ சாளரம் வேண்டும். 1960களின் பின் குளிரூட்டும் கருவியை நம்பிக் கட்டப்பட்ட காரியாலயங்கள் மிக அகன்றவை. அவற்றின் நடுப்பகுதிக்குக் கதிரொளி எட்டாது. நீர்க்குழாயும் கழிவுக்குழாயும் தளத்தின் நடுவே ஓரிடத்தில் மட்டுமே ஓடும். வீடாயின் ஒவ்வொரு குசினிக்கும் குளியலறைக்கும் அவை பிரிந்து செல்லவேண்டும். எனவே சில கட்டடங்களை மாற்றுவதினும் இடித்துக் கட்டுவது இலகு.

இச்சிக்கலை எவ்வாறு வெல்லலாம் என்பதற்கு வோட்டர் வீதி 25ஆம் இலக்கக் கட்டடம் ஒரு சான்று. 1960களின் இறுதியில் எழுந்த 22 மாடிக் காரியாலயம் அது. ஒடுங்கிய சாளரங்களையுடைய அதன் செங்கற் சுவர் ஒரு கோட்டையை ஒத்திருந்தது. பொறியியலாளர் அதன் உடலை ஊடறுத்து, மேலிருந்து கீழாக இரண்டு முற்றங்களைத் திறந்தனர். நமது நாற்சார் வீட்டின் நடுமுற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே தத்துவம், மாடிக்கு மேல் மாடியாக. முற்றத்துக்காக இழந்த தளப்பரப்பை ஈடுசெய்ய மேலே 10 மாடிகளைக் கூட்டினர். சாளரங்களை அகலமாக்கினர். 2025இல் 1,300க்கு மேற்பட்ட வீடுகளோடு அது திறக்கப்பட்டபோது, காரியாலயத்திலிருந்து குடியிருப்பாக மாறிய கட்டடங்களுள் அந்நாட்டிலேயே மிகப் பெரியது எனப் பெயர் பெற்றது. 1995இன் பிழை இங்கே மீளவில்லை. 2024ஆம் ஆண்டின் புதிய வரிச்சலுகைச் சட்டம் நாலில் ஒரு பங்கு வீடுகளை வருமானம் குறைந்தோர்க்குக் கட்டுப்படியான வாடகைக்கு ஒதுக்கவேண்டுமென நிபந்தனை விதித்திருந்தது.

கோடு மாறியது

2023இல் நடத்தப்பட்ட வீட்டுக் கணக்கெடுப்பில், நியூயோர்க்கின் வாடகை வீடுகளில் 100க்கு 1.4 வீடே காலியாயிருந்ததெனத் தெரியவந்தது. 1968இற்குப் பின் அத்துணைத் தாழ்ந்த அளவு பதிவாகவில்லை. 100க்கு 5க்குக் குறைந்தாலே நெருக்கடிநிலை என்பது அங்குள்ள சட்டம். வாடகைக்கு இருப்போரில் ஏறக்குறைய அரைவாசிப்பேர், தம் வருமானத்தில் 100க்கு 30க்கு மேற்பட்ட பங்கை வாடகைக்கே செலுத்துகின்றனர். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்கிறோம். அவ்வளைக்கே சம்பளத்திற் பெரும்பங்கு போய்விட்டால், பிள்ளையின் படிப்புக்கும் முதியோர் மருந்துக்கும் மிஞ்சுவது யாது?

இந்நெருக்கடியே நகரசபையை அசைத்தது. 2024 டிசம்பர் 5ஆந் தேதி, நீண்ட வாதத்தின் பின், 31 வாக்குகள் சார்பாகவும் 20 எதிராகவும் பெற்று வலய விதித் திருத்தமொன்று நிறைவேறியது. அதற்கு முன் நகரின் பெரும்பகுதியில் 1961இற்கு முற்பட்ட காரியாலயங்களையே எளிய விதிகளின்படி வீடாக்க முடிந்தது. திருத்தம் அவ்வாண்டை 1991 வரை நீட்டியது. வெளி வட்டாரங்களில் ஒற்றை மாடியோடு நின்ற கடைவரிசைகளின் மேல் சில மாடி வீடுகள் எழவும் வழிபிறந்தது. கீழே கடை, மேலே குடும்பம் என வாழ்ந்த வணிகரை நம் கடைத்தெருக்களும் அறியும். அந்நகரம் புதிதாகக் கண்டுபிடித்ததொன்றன்று. தானே விலக்கிய பழைய வழக்கத்தை மீட்டுக்கொண்டதே. இத்திருத்தம் முழுவதாலும் 15 ஆண்டுகளில் ஏறக்குறைய 80,000 வீடுகள் தோன்றலாமென நகரம் மதிப்பிட்டது.

2025 ஆகஸ்டில் அடுத்த படி எடுக்கப்பட்டது. 23ஆம் வீதிக்கும் 40ஆம் வீதிக்கும் இடையே, ஐந்தாம் அவெனியூவுக்கும் எட்டாம் அவெனியூவுக்கும் நடுவே, 42 தெருக்கட்டுகள் குடியிருப்புக்குத் திறக்கப்பட்டன. படத்தில் ஊதா நிறமாக இருந்தபோதும், அங்கே தொழிற்சாலைகளினும் காரியாலயங்களும் கடைகளுமே மிகுந்துவிட்டன. 12 மடங்கு என்ற பழைய எல்லையையும் மாநிலச் சட்டசபை 2024இலேயே தளர்த்தியிருந்தது. ஏறக்குறைய 9,500 வீடுகள் அங்கே எழலாமென்றும், அவற்றுள் 2,800 வரை குறைந்த வாடகைக்கு நிரந்தரமாக ஒதுக்கப்படலாமென்றும் எதிர்பார்க்கப்படுகிறது.

மறுபக்கம்

அப்பகுதியின் வரலாற்றை எண்ணும்போது நெஞ்சு சற்றே கனக்கிறது. ஐந்தாம் அவெனியூ வணிகர் விலக்கிய தையற் தொழிற்சாலைகள் 1920களிற் சென்று குடியேறியது ஏழாம் அவெனியூவின் இப்பகுதியிலேதான். எஞ்சியுள்ள தையற்கூடங்களும், பொத்தானும் துணியும் விற்கும் சிறு கடைகளும், வீடுகளின் வருகையால் மீண்டும் ஒருமுறை ஓட்டப்படுமோ என அத்தொழிலைச் சார்ந்தோர் அஞ்சினர். அவ்வச்சத்தை வளர்ச்சிக்குப் பகை என்று ஒதுக்கிவிடல் நீதியன்று. காரியாலயம் வெறுமையாயிருந்தால் அங்கே குடும்பம் புகுவதால் எவர்க்கும் இழப்பில்லை. ஆனால் ஒருவர் உழைத்து உண்ணும் இடத்தை இன்னொருவர் உறங்கும் இடமாக்கினால், அங்கே ஓர் இழப்பு உண்டு. அதனை மதிப்பிட்டு ஈடுசெய்யாத நகரம், 1916இன் பிழையைத் தலைகீழாக்கிச் செய்ததாகவே முடியும்.

ஆகவே, பின்வாங்கு மாணவனுக்கு நான் கூறும் விடை இதுவாகும். தம்பி, நிறத்தை மாற்றத்தான் வேண்டும். அது இயற்கை தீட்டிய நிறமன்று. ஒரு காலத்து மனிதர் தம் அச்சங்களையும் தேவைகளையும் கொண்டு தீட்டியது. புகைபோக்கி போனபின், புகைக்கு அஞ்சி இட்ட தடையைக் காத்துக்கொண்டிருத்தல் அறிவன்று. ஆயினும் நிறத்தை மாற்றும் கை நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டும். உள்ளே ஒளி வருமா? வாடகை உழைப்பவனுக்கு எட்டுமா? அங்கே ஏற்கெனவே உழைப்பவன் எங்கே போவான்? குழந்தைக்கு அருகிற் பாடசாலை உண்டா? நியூயோர்க் நகரம் இவற்றுள் ஒவ்வொன்றையும் ஒருமுறையேனும் மறந்து, அதற்கு விலை கொடுத்தே கற்றது.

அடுத்த தவணையில் அப்படத்தை மீண்டும் சுவரில் மாட்டுவேன். இம்முறை அம்மாணவனையே முன்னே அழைத்து, 42 தெருக்கட்டுகளின் மேல் புதிய நிறத்தைத் தீட்டச் சொல்வேன். தீட்டி முடித்தபின், அந்நான்கு கேள்விகளையும் அவனிடம் வகுப்பு கேட்கட்டும்.